டைகர் நட்: ஊறவைப்பது எப்படி, யார் எவ்வளவு சாப்பிடலாம்?

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் மகன் ஒரு கிலோ டைகர் நட் கொண்டுவந்தான். "பாலுக்குப் பதில் இதை அரைத்துக் குடிக்கலாம், சர்க்கரைக்கும் மலச்சிக்கலுக்கும் நல்லது" என்கிறான். கடித்தால் கல் மாதிரி இருக்கிறது. என் கணவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. எட்டு வயதுப் பேத்திக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. நாட்டு மருந்துக் கடையில் காட்டினால், "இது நம்ம கோரைக்கிழங்குதான்" என்கிறார்கள். எப்படிச் சாப்பிடுவது, யாருக்குக் கொடுக்கலாம்?
— வாசகி, பெரம்பூர்

பதில்: கடைக்காரர் சொன்னது பாதி சரி, அம்மா. இரண்டும் சைப்பரஸ் என்ற ஒரே கோரைப் பேரினம்தான். ஆனால் அவர் கடையில் இருக்கும் கோரைக்கிழங்கு, அதாவது முத்தக்காசு, சைப்பரஸ் ரோட்டண்டஸ். குளியல் பொடியில் சேர்ப்போமே, அந்தக் காட்டமான வாசனையும் கசப்பும் உள்ளது. உங்களிடம் இருப்பது சைப்பரஸ் எஸ்குலெண்டஸ், இனிப்பானது. பாக்கெட் தீர்ந்ததும் நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கு வாங்கிப் பால் எடுக்க வேண்டாம்.

பெயரில் நட் இருந்தாலும் இது மண்ணுக்குள் விளையும் கிழங்கு. பாதாம் கணக்கில் வைத்தால் ஏமாந்துபோவீர்கள். பாதாமில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. இதில் அதில் பாதிகூடக் கிடையாது. மாவுச்சத்தும் இயற்கைச் சர்க்கரையும் அதிகம். நல்ல பக்கமும் பெரியதுதான். நார்ச்சத்து நிறைய. எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கொழுப்பு. அதில் பெரும்பகுதி, ஆலிவ் எண்ணெயில் இருக்கும் அதே ஒலியிக் அமிலம். மக்னீசியம், பொட்டாசியம் உண்டு. ஒரு கைப்பிடி, சுமார் 30 கிராம், 120 முதல் 150 கலோரி வரும். இரண்டு மூன்று இட்லிக்குச் சமம். டிவி பார்த்துக்கொண்டே கொறிக்கிற பொருள் இல்லை.

உங்கள் வீட்டுக்காரருக்கு வருவோம். அவர் பாலாகக் குடிப்பதைவிட, ஊறிய கிழங்கை மென்று சாப்பிடுவது நல்லது. அரைத்து வடிகட்டும்போது சர்க்கரை பாலோடு இறங்கிவிடும், நார் துணியில் தங்கிவிடும். அவருக்கு வேண்டியதை எறிந்துவிட்டு வேண்டாததைக் குடிக்கிற கதை அது. மாலையில் பிஸ்கெட்டுக்குப் பதிலாக ஒரு சிறு கைப்பிடி போதும். அன்றைக்கும் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளட்டும். மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ இது காரணமாகக் கூடாது.

மலச்சிக்கலுக்கு உதவும், கூடவே தண்ணீர் குடித்தால். முதல் நாளே ஒரு கிண்ணம் சாப்பிட்டால் வயிறு உப்பி, வாயு பிடித்துக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு கிழங்கில் தொடங்கி, வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

பேத்தி விஷயத்தில் நிதானம் வேண்டும். வேர்க்கடலைக்கும் இதற்கும் தாவர உறவு இல்லை. கடலை அலர்ஜி உள்ள பெரும்பாலானோருக்கு இது ஒத்துக்கொள்ளும். ஆனால் வேர்க்கடலை ஓடும் அதே மெஷினில் இதையும் பேக் செய்திருக்கலாம். லேபிளைப் படியுங்கள். முன்பு மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்திருந்தால் அலர்ஜி மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். பசும்பாலை நிறுத்திவிட்டு இந்தப் பாலைக் கொடுப்பதும் சரியில்லை. இதில் கால்சியமும் குறைவு, புரதமும் குறைவு. பால் செரிக்காத பெரியவர்களுக்கு இது அருமையான பானம். வளரும் பிள்ளைக்குப் பாலுக்கு மாற்று ஆகாது. சின்னக் குழந்தைகள் வந்தால் முழுக் கிழங்கு கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொண்டையில் சிக்கும்.

சரி, சமையலுக்கு வருவோம். நாலைந்து தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். சுருக்கத்துக்குள் மண் இருக்கும். பூஞ்சை பிடித்ததையும் மக்கிய வாடை வருவதையும் தயங்காமல் எறியுங்கள். பிறகு 12 மணியிலிருந்து 24 மணி நேரம் ஊறவேண்டும். சென்னை வெயிலில் மேடையில் வைத்தால் நுரைத்துப் புளித்துவிடும், ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். நடுவில் தண்ணீரை மாற்றுங்கள். சுருக்கம் விரிந்து, கடித்தால் இளந்தேங்காய் மாதிரி நறுக்கென்று உடைந்தால் பதம். இப்படியே சாப்பிடலாம்.

பாலுக்கு, ஊறியது ஒரு கப், தண்ணீர் மூன்று கப். முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மிக்ஸியில் மைய அரைத்து, மீதியைச் சேர்த்து இன்னொரு சுற்று விட்டு, மல் துணியில் பிழியுங்கள். ஸ்பெயினில் வலென்சியா பக்கம் இதைத்தான் ஓர்ச்சாட்டா என்று சர்க்கரை போட்டுக் குளிரக் குளிரக் குடிக்கிறார்கள். நைஜீரியாவின் வடக்கில் பேரீச்சையும் இஞ்சியும் சேர்த்து அரைப்பார்கள். நம் வாய்க்கு ஏலக்காயும் ஒரு சிட்டிகை சுக்கும் போதும். தனி இனிப்பே தேவைப்படாது.

இந்தப் பாலைக் காய்ச்சாதீர்கள். மாவுச்சத்து இருப்பதால் 70 டிகிரி வாக்கில் கெட்டியாகிக் கூழாகிவிடும். காபிக்கு ஊற்றினால் திரிந்தது போலத்தான் இருக்கும். பாயசத்துக்கு அதே கெட்டித்தன்மை வரம்: கடைசியில் ஊற்றி, அடுப்பைச் சிறுதீயில் வைத்துக் கிளறினால் தானே குழைந்துவரும். காய்ச்சாத பால் சீக்கிரம் கெடும் என்பதால் ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். அடியில் மாவு தங்கும், கலக்கிக் குடிக்கலாம்.

துணியில் நிற்கும் சக்கையைக் கொட்டிவிடாதீர்கள், நார் முழுவதும் அதில்தான். அடை மாவில் ஒரு கைப்பிடி கலக்கலாம். அல்லது ஈரம் போக வாணலியில் வறுத்து, பொட்டுக்கடலை மாவும் கருப்பட்டிப் பாகும் சேர்த்து உருண்டை பிடிக்கலாம். மணம் தேங்காய் பர்பியை ஒட்டி வரும். மாவாக அரைப்பதானால் கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள். எண்ணெய்ச்சத்து இருப்பதால் நாள்பட வைத்தால் சிக்கு வாடை அடிக்கும். தனியாகச் சப்பாத்திக்கு ஆகாது, கோதுமையில் மாவைப் பிடித்துவைக்கும் குளூட்டன் என்ற புரதம் இதில் இல்லாததால் பிய்ந்துபோகும். கோதுமை மாவில் நாலில் ஒரு பங்கு கலந்தால் சரியாக வரும்.

வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கோளாறோ கல்லோ இருந்தால், பொட்டாசியமும், கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட்டும் உள்ள பொருள் இது என்று மருத்துவரிடம் சொல்லிக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். பல் ஆட்டம் இருப்பவர்கள் அரைத்தே சாப்பிடட்டும்.

அப்புறம், ஒரு கிலோவும் தீர்ந்தபிறகு ஆன்லைனில் விலை கொடுத்து மறுபடி வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. நார்ச்சத்துதான் நோக்கம் என்றால் தை மாதம் பெரம்பூர் மார்க்கெட் பக்கம் கட்டுக்கட்டாக வரும் பனங்கிழங்கு போதும், மற்ற மாதங்களில் கொண்டைக்கடலைச் சுண்டலும் கொய்யாவும் இருக்கின்றன. சுவைக்காக வேண்டுமென்றால் மகன் அடுத்த முறை வரும்போது கால் கிலோ போதும் என்று சொல்லுங்கள்.