டாக்டர் வரும்வரை என்ன செய்யலாம்? செல்லப்பிராணி மருத்துவமனை உதவியாளர்களின் கேள்விகள்

கேள்வி: நாய், பூனை மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. வண்டியில் அடிபட்ட நாயைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். டாக்டரோ ஆபரேஷனில் இருக்கிறார். நான் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகி, கோவை

பதில்: மூச்சைப் பாருங்கள். கிழிந்து தொங்கும் தோல்தான் கண்ணில் படும்; ஆனால் அது காத்திருக்கும். ரத்தம் பீய்ச்சி அடித்தால் மட்டும் காஸ் துணியை வைத்து அழுத்திப் பிடிக்க ஒருவரை நிறுத்துங்கள். நாய் கழுத்தை நீட்டி, முழங்கைகளை விரித்து, வயிற்றை எக்கி எக்கி மூச்சு வாங்குகிறதா? மூக்கருகே ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டே டாக்டருக்குச் சொல்லி அனுப்புங்கள். அந்த நிலையில் படுக்கவைத்து அமுக்குவதும் எக்ஸ்ரேக்குத் தூக்கிப்போவதும் உயிரைப் பறித்துவிடும். வலியில் கடிக்க வரும் என்றாலும் மூச்சுத் திணறுகிற நாய்க்கு வாய்க்கட்டு போடவே கூடாது.

அடுத்து ஈறு. இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 1–2 விநாடியில் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு வெளுத்து, நிறம் திரும்ப 2 விநாடிக்கு மேல் ஆகி, உட்தொடை நாடியும் மெலிந்திருந்தால் அது அதிர்ச்சி நிலை (ஷாக்), அதாவது உடலுக்கு ரத்த ஓட்டம் போதாத நிலை. ஓய்வில் பெரிய நாயின் இதயம் நிமிடத்துக்கு 60–100 முறை துடிக்கும். சின்ன நாய்க்கு 140 வரை போகலாம்.

பிறகு எடை. மருந்தெல்லாம் கிலோ கணக்கில்தான். அதிர்ச்சியில் இருக்கும் நாய்க்கு டாக்டர் பெரும்பாலும் கிலோவுக்கு 10–20 மி.லி. சலைனை 15–20 நிமிடத்தில் ஏற்றச் சொல்வார். 12 கிலோ நாய்க்கு 120–240 மி.லி. கேனுலாவை (சலைன் ஏற்ற ரத்தக்குழாயில் செருகும் மெல்லிய குழாய்) முன்னங்காலில் போடத் தயாராக வையுங்கள். வயிறு உப்பி முறுக்கிக்கொண்ட நாய்க்கு இது மிக முக்கியம். பின்னுடலின் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் வயிற்றுப் பெருஞ்சிரையை உப்பிய இரைப்பை நசுக்குவதால், பின்னங்காலில் ஏற்றும் சலைன் இதயத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது.

கேள்வி: சோர்ந்து கிடந்த கடுவன் பூனைக்கு இதயத் துடிப்பு 110 இருந்தது. நாய்க்கு இயல்பான அளவுதானே என்று விட்டுவிட்டேன். சரியா?

பதில்: இல்லை. பூனைக்கு 140–220தான் இயல்பு. அதிர்ச்சியில் நாயின் துடிப்பு எகிறும். பூனைக்கோ துடிப்பும் உடல் சூடும் ரத்த அழுத்தமும் சேர்ந்தே இறங்கும். அதனால் பூனைக்கு சலைன் கிலோவுக்கு 5–10 மி.லி.தான். கூடவே உடலையும் மெதுவாகச் சூடாக்க வேண்டும். குளிர்ந்த உடம்பில் அளவுக்கு மீறி ஏற்றினால், சூடு திரும்பியதும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

கடுவன் பூனை என்கிறீர்களே, சிறுநீர் அடைப்பு இருந்ததா என்று பார்த்தீர்களா? வளர்ப்பவர்கள் “ரெண்டு நாளா முக்குது, மலச்சிக்கல்” என்றுதான் சொல்வார்கள். வயிற்றை மெல்லத் தொட்டாலே பந்து போல இறுகிய சிறுநீர்ப்பை கையில் படும். பிதுக்காதீர்கள், கிழிந்துவிடும். வெளியேறாத பொட்டாசியம் ரத்தத்தில் ஏறுவதால்தான் துடிப்பு குறைகிறது. ஈசிஜி கம்பிகளை மாட்டி, ஏறிய பொட்டாசியத்திலிருந்து இதயத்தைக் காக்கும் 10% கால்சியம் குளுக்கோனேட்டை எடுத்து வையுங்கள். டாக்டர் கேட்கும் அளவு பெரும்பாலும் கிலோவுக்கு 0.5–1 மி.லி.; 5–10 நிமிடத்தில், ஈசிஜியைப் பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டியது.

கேள்வி: இதயம் நின்றுவிட்டால் எங்கே அழுத்துவது?

பதில்: உடல்வாகைப் பொறுத்தது. லேப்ரடார் போன்ற நாயை ஒருக்களித்துப் படுக்கவைத்து மார்பின் அகலமான இடத்தில் அழுத்துங்கள். சிப்பிப்பாறை போல ஒடுங்கி ஆழ்ந்த மார்பு என்றால் நேராக இதயத்தின் மேல். புல்டாக் மாதிரி தட்டை மார்பு நாயை மல்லாத்தி, நெஞ்செலும்பின் மேல். நிமிடத்துக்கு 100–120 முறை. ஒருக்களித்த நிலையில் மார்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை, மல்லாந்த நிலையில் மார்பின் ஆழத்தில் கால் பங்கு அமுங்க வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு மார்பு முழுதாக எழும்ப விடுங்கள். மேலேயே சாய்ந்திருந்தால் இதயத்தில் ரத்தம் நிரம்பாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், கை தளர்வது அழுத்துபவருக்கே தெரியாது. மூச்சுக்குழலுக்குள் குழாய் போட்ட பிறகு ஆறு விநாடிக்கு ஒரு மூச்சு கொடுத்தால் போதும். பதற்றத்தில் ஆம்பு பையை (Ambu bag, கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை) வேகவேகமாக அமுக்கினால் இதயத்துக்கு ரத்தம் திரும்புவது குறையும்.

நின்ற இதயத்தை மீட்கக் கொடுக்கும் மருந்தான அட்ரினலின் கிலோவுக்கு 0.01 மி.கி. நம் கைக்கு வரும் ஆம்பூலில் 1 மி.லி.க்கு 1 மி.கி. இருக்கிறது. ஆக 10 கிலோ நாய்க்கு 0.1 மி.லி.தான்; ஆம்பூல் முழுவதையும் போட்டால் பத்து மடங்கு. 5, 10, 20, 30 கிலோவுக்கு எத்தனை மி.லி. என்று பெரிய எழுத்தில் எழுதி, அவசர டிராலியின் மேலேயே ஒட்டி வையுங்கள்.