நான்கு முறை உடைந்த சைலன்சர் பிராக்கெட்

கேள்வி: சார், குளச்சலில் அதிகாலை ஏலத்தில் மீன் எடுத்து, இரணியல், தக்கலை பக்கம் வீடு வீடாக விற்கிறேன். 125 சிசி பைக், புதிதாக வாங்கி 14 மாதம் ஆகிறது. சைலன்சரைப் பின்பக்கம் தாங்கும் பிராக்கெட் இதுவரை 4 தடவை உடைந்துவிட்டது. முதல் தடவை ஐந்தாவது மாதம். சர்வீஸ் சென்டரில் வெல்டிங் வைத்து 350 ரூபாய் வாங்கினார்கள். அதற்கு அடுத்த மாதம்தான் மீன் பெட்டிக்கு இரும்பு ஸ்டாண்ட் அடித்தேன். பிறகு 3 தடவை உடைந்தது. இப்போது கேட்டால், "ஸ்டாண்ட் போட்டதால் வாரண்டி கிடையாது, புது சைலன்சர் வாங்குங்கள்" என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். எதனால் உடைகிறது என்று தெரியாமல் புதிதாக மாட்டினால் அதுவும் உடையும், நீங்கள் போட்ட பணமும் போகும்.

சைலன்சரின் முன்பக்கம் எஞ்சினில் பூட்டியிருக்கிறது, பின்பக்கம் சேஸிஸில் தொங்குகிறது. எஞ்சினும் சேஸிஸும் ஒன்றுபோல ஆடுவதில்லை. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் 5,000 ஆர்பிஎம்மில் ஓடினால் நிமிடத்துக்கு 5,000 ஆட்டம், ஒரு மணி நேரத்துக்கு 3 லட்சம். அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ளத்தான் பல வண்டிகளில் பின் போல்ட்டைச் சுற்றி ரப்பர் புஷ் வைக்கிறார்கள். புஷ்ஷுக்குள் சின்ன இரும்புக் காலர் ஒன்றும் இருக்கும். காலர் தொலைந்துபோனால், போல்ட்டை முறுக்க முறுக்க ரப்பர் நசுங்கிக் கல்லாகிவிடும். கழற்றி மாட்டும் அவசரத்தில் பட்டறையில் இது தொலைவது சாதாரணம். உங்கள் வண்டியில் 4 தடவை கழற்றியிருக்கிறார்கள். புஷ்ஷும் காலரும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்ததைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுகிறேன். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பின் போல்ட்டை மட்டும் கழற்றச் சொல்லுங்கள். பிராக்கெட்டின் துளையும் சேஸிஸின் துளையும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். போல்ட் உருவியதும் சைலன்சர் 'டக்' என்று வெளியே விலகினாலோ, விரல் அகலம் கீழே இறங்கினாலோ, இத்தனை நாளும் அதை இழுத்துப் பிடித்துத்தான் பூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இழுவையில் நிற்கும் இரும்பு அந்த ஆட்டத்தைத் தாங்காது. வெல்டிங் வைத்தாலும் வெல்டிங்குக்குப் பக்கத்தில் விட்டுப்போகும். உங்களுக்கும் அப்படித்தான் ஒட்டின இடத்தை ஒட்டியே உடைகிறதா என்று கவனியுங்கள்.

இதைச் சரிசெய்யக் காசு ஒன்றும் பெரிதாக ஆகாது. சைலன்சர் குழாய் எஞ்சின் தலையில் சேரும் இடத்தில் உள்ள இரண்டு நட்டையும் தளர்த்தி, அங்கே புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கட் புதிதாகப் போட்டு, எல்லாவற்றையும் முதலில் கையாலேயே திருகி வைக்க வேண்டும். சைலன்சர் தானாகத் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு, அந்த இரண்டு நட்டுகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, கடைசியில் பின் போல்ட். பல பட்டறைகளில் பின் போல்ட்டை முதலில் முறுக்கிவிட்டு முன்பக்கம் போகிறார்கள். அங்கேதான் இழுவை வருகிறது. முன்பக்க நட்டைப் பலம்கொண்ட மட்டும் முறுக்கவும் விடாதீர்கள். அந்த நட்டு ஏறும், எஞ்சினில் பதித்த திருகான ஸ்டட் ஒடிந்தால் செலவு வேறு மாதிரி ஆகிவிடும்.

எஞ்சினை சேஸிஸோடு பிடிக்கும் மவுண்டிங் போல்ட்டுகளையும் ஸ்பானர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஒன்று லூசாக இருந்தால் எஞ்சினின் ஆட்டம் முழுவதும் சைலன்சர் தலையில் விழும்.

சரி, ஸ்டாண்டுக்கு வருவோம். அதன் கால் சைலன்சரின் பின் போல்ட்டிலேயே பூட்டியிருக்கிறதா? ஆமாம் என்றால், பின்னால் வந்த மூன்று உடைசலிலும் அதற்குப் பங்கு உண்டு. ஐஸும் மீனுமாக நிறைந்த பெட்டி ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த ஒரு போல்ட்டை அடிக்கிறது. ஸ்டாண்டின் காலை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் சைலன்சரில் படாதபடி ஒரு குழாய் விட்டு விலக்குங்கள். கடற்கரையோரம் ஓடும் வண்டிக்கு உப்புக் காற்றே போதும் துரு ஏற. விற்பனை முடிந்து வந்ததும், சைலன்சர் ஆறிய பிறகு நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

ஆனால் முதல் உடைசல் ஸ்டாண்ட் வருவதற்கு முன்பே நடந்தது. அதை அவர்கள் வாரண்டியில் மாற்றித் தந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். வெல்டிங் வைத்துக் காசு வாங்கியது சரியில்லை. அந்த ஜாப் கார்டையும் 350 ரூபாய் பில்லையும் தேடி எடுங்கள். ஸ்டாண்ட் அடித்த பட்டறையின் பில்லில் தேதி இருந்தால் அதுவும் வேண்டும். வாரண்டிப் புத்தகத்தில் சைலன்சரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு, நடந்ததைத் தேதிவாரியாக எழுதி, டீலருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உடைந்த துண்டு ஏதாவது கையில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். உடைந்த முகத்தில் ஒரு பகுதி கறுத்தும் மீதி பளபளப்பாகவும் இருந்தால், விரிசல் நாள்கணக்கில் வளர்ந்து வந்து கடைசியில் விட்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அதிலும் தீரவில்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். உங்களுக்கு முதல் உடைசல் நடந்தே 9 மாதம் ஓடிவிட்டது, தள்ளிப்போடாதீர்கள். "வியாபாரத்துக்கு ஓட்டுகிற வண்டி, நீ நுகர்வோரே இல்லை" என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் வாங்கிய பொருளை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வணிக நோக்கம் என்று தள்ளுவதில்லை.

கேள்வி: மார்த்தாண்டத்தில் பழைய பைக் ஒன்று பார்த்திருக்கிறேன். 2021 மாடல். சைலன்சர் பிராக்கெட்டில் வெல்டிங் தெரிகிறது. விட்டுவிடலாமா?

பதில்: வெல்டிங் இருக்கிறது என்பதற்காக மட்டும் விட வேண்டாம். ஆனால் வண்டி கீழே விழுந்ததா என்று பாருங்கள். அதே பக்கத்து ஃபுட்ரெஸ்ட் வளைந்தோ தேய்ந்தோ இருக்கிறதா? பின்னால் தள்ளி நின்று பார்த்தால் இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கிறதா? இல்லையென்றால் சேஸிஸே வளைந்திருக்கலாம், அந்த வண்டி வேண்டாம்.

இன்னொன்று: 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவை பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டிகள். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சைலன்சர் குழாயோடு சேர்ந்தே வரும், அதனால் விலை கூடுதல். கம்பெனி சைலன்சர்தானா, சத்தத்துக்காக மாற்றியதா என்று கேளுங்கள். அந்த மாடலுக்குப் புது சைலன்சர் என்ன விலை என்று பார்ட்ஸ் கடையில் விசாரித்து, அந்தத் தொகையைச் சொல்லி விலை பேசுங்கள். வாங்கிய பிறகு மறுபடி வெல்டிங் வைக்க நேர்ந்தால், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் வைக்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இசியூ போய்விடும் அபாயம் உண்டு.