போலி வெற்றிடம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். 'போலி வெற்றிடச் சிதைவு' என்ற ஒன்றால் பிரபஞ்சம் எந்த நொடியிலும் அழியலாம் என்று ஏதோ வீடியோவில் பார்த்ததிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை. "அப்பா, இது நிஜமா?" என்று கேட்கிறாள். கட்டுக்கதை என்று சொல்லிவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

அப்படிச் சொல்லாதீர்கள். நாளை அவளே இயற்பியல் படித்தால் உண்மை தெரிந்துவிடும். இயற்பியல் இதற்கு இடம் தருகிறது.

வெற்றிடத்திலும், எங்கும் பரவியிருக்கும் ஹிக்ஸ் புலம் என்ற ஒன்று ஒரு மதிப்பில் நிற்கிறது. எலக்ட்ரானுக்கு நிறை கிடைப்பது அதனால்தான். அதைவிட ஆற்றல் குறைந்த இன்னொரு நிலை இருக்குமானால், நாம் வாழ்வது போலி வெற்றிடத்தில்.

தூய நீரை அசைக்காமல் குளிரவைத்தால் பூஜ்யத்துக்குக் கீழேயும் நீராகவே இருக்கும். உள்ளே பனித்துகள் தோன்றினாலும், மிகச் சிறிதென்றால் கரைந்துவிடும். உறைவதால் மிச்சமாகும் ஆற்றலைவிட அதன் மேற்பரப்புக்கு ஆகும் செலவு அதிகம். ஓர் அளவைத் தாண்டிய துகள் மட்டுமே வளரும். போலி வெற்றிடத்துக்குள் அந்த ஆற்றல் குறைந்த நிலை ஒரு குமிழியாகத் தோன்றினால், அதற்கும் இதே கணக்குதான். இயற்பியலாளர் சிட்னி கோல்மன் 1977இல் அதைப் போட்டுக் காட்டினார். வளரத் தொடங்கிய குமிழி ஏறக்குறைய ஒளி வேகத்தில் விரியும்.

2012இல் கண்டுபிடித்த ஹிக்ஸ் துகளின் நிறை சுமார் 125 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் நிறையைச் சொல்லும் அலகு), டாப் குவார்க் என்ற அடிப்படைத் துகளின் நிறை சுமார் 173. இவற்றை வைத்துக் கணக்கிட்டால் நமது வெற்றிடம் முழுக்க நிலையானதும் அல்ல, உடனே சரிவதும் அல்ல. டாப் குவார்க் இரண்டு சதவீதம் இலேசாக இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழாது! இத்தனை விளிம்பில் ஏன் நிற்கிறோம் என்பதுதான் என்னை உறங்கவிடாத கேள்வி. கணக்கு தரும் ஆயுள், ஒன்றுக்குப் பின் நூறு பூஜ்யங்களுக்கும் மேல் போட்டால் வரும் ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள்தான். நாம் இன்னும் அறியாத துகள்கள் இருந்தால் இந்தக் கணக்கு மாறலாம்.

துகள் மோதுகருவி இதைத் தூண்டிவிடுமா என்றும் அவள் கேட்பாள். அதைவிடப் பலமடங்கு வலுவான காஸ்மிக் கதிர் மோதல்கள் பிரபஞ்சமெங்கும் நடந்தபடியே இருக்கின்றன, ஒன்றும் ஆகவில்லை. வானியற்பியலாளர்கள் பியட் ஹட்டும் மார்ட்டின் ரீஸும் 1983லேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள்.

இத்தாலியின் ட்ரென்டோவில் மிகக் குளிர்ந்த சோடியம் அணுக்களில் இதேபோன்ற குமிழி உருவாவதைப் பார்த்து 2024இல் வெளியிட்டார்கள். உங்கள் வீட்டில் ஃப்ரீசர் போதும். சுத்திகரித்த நீர் பாட்டிலை இரண்டு மணிநேரம் அசையாமல் வைத்து, உறையுமுன் எடுத்து, அவளையே மேசையில் ஒரு தட்டு தட்டச் சொல்லுங்கள். நீர் சட்டென்று உறையும். முதல் முறை வராவிட்டால் நேரத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.