குருதிக்கொடையும் ஒரு நோட்டுப் புத்தகமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். மஞ்சக்குப்பத்தில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை. சென்ற ஆண்டு என் அண்ணிக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாகி, முகம் தெரியாத இருவர் கொடுத்த ரத்தத்தால்தான் பிழைத்தார். அந்த நன்றியில் நானும் மூன்று முகாம்களுக்குப் போனேன். மூன்று முறையும் ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு பரிசோதனைக் கூடத்தில் பார்த்தபோது 11.2 இருந்தது. எல்லோர் முன்னிலையிலும் வரிசையிலிருந்து விலகி வந்தது அவமானமாக இருந்தது. எங்கள் பகுதியில் குருதிக்கொடைக் குழு நடத்தும் நண்பர்கள் என்னைத் தன்னார்வலராகச் சேரச் சொல்கிறார்கள். தானே கொடுக்க முடியாத ஒருத்தி பிறரிடம் போய்க் கேட்பது முறையா? வாட்ஸ்அப்பில் வரும் வேண்டுகோள்களைப் பகிர்வதைத் தவிர நான் என்ன செய்ய முடியும்?

ஒரு வாசகி, கடலூர்

அன்புள்ள சகோதரிக்கு,

முகாம் மேசையில் ஒரு சிறிய கண்ணாடிக் குவளையில் நீல நிறத்தில் ஒரு கரைசல் வைத்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அது மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல். விரல் நுனியில் குத்தி எடுத்த துளியை அதில் விடும்போது, ரத்தத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12.5 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் துளி பதினைந்து விநாடிக்குள் அடியில் போய்ச் சேரும். குறைவாக இருந்தால் நடுவில் தயங்கி நின்று மேலே எழும்பும். அந்தச் சிவப்புத் துளி நீலத்துக்குள் தயங்கி நிற்பதை நானும் பலமுறை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். கொடுக்க வந்தவரின் முகம் அந்தக் கணத்தில் வாடிப்போவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த விதி உங்களைக் காப்பதற்காக வைத்த விதி. ஏற்கெனவே குறைவாக உள்ள உடலிலிருந்து 350 மில்லி எடுத்தால் உங்களை நோயாளியாக்கி அனுப்புவதாகும்.

இதில் நீங்கள் தனியாகவும் இல்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அன்று வரிசையில் உங்களுக்குப் பின்னால் நின்ற பெண்களிலும் சிலரின் துளி மிதந்திருக்கும். ஆகவே முதல் வேலையாக ஒரு மருத்துவரைப் பாருங்கள். மாதவிலக்கில் போக்கு அதிகமா, குடற்புழுவா, உணவில் இரும்புச்சத்துக் குறைவா என்று காரணத்தைக் கண்டுபிடித்து அவர் சொல்லும் மாத்திரைகளைச் சொன்ன காலம் வரை சாப்பிடுங்கள். சாப்பிட்ட கையோடு டீயும் காப்பியும் குடிக்கும் பழக்கம் நம் பக்கத்தில் அதிகம். அது உணவில் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்வதைக் குறைக்கும் என்பதால் அதை மட்டுமாவது தள்ளிப்போடுங்கள்.

இனி உங்கள் கேள்வி. கேட்பது முறைதான். அதற்கு மேலும் சொல்வேன்: குருதிக்கொடை என்பது கொடுப்பவர்களைவிடக் கணக்கு வைப்பவர்களால் நடக்கும் சேவை என்பதே இத்தனை ஆண்டுகளில் நான் கண்டது. உங்கள் அண்ணியின் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தப்போக்கு தொடங்கிய பிறகு ஒருவர் ஓடிவந்து கொடுத்த ரத்தத்தை அப்படியே ஏற்ற முடியாது. எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா என்று ஐந்துக்கும் பரிசோதித்து, வகை பார்த்து, நோயாளியின் ரத்தத்தோடு பொருந்துகிறதா என்றும் பார்த்த பிறகே அது வார்டுக்குப் போகும். அதற்கு மணிக்கணக்கில் ஆகும். பிரசவ ரத்தப்போக்கு அவ்வளவு நேரம் காத்திருக்காது. ஆகவே உங்கள் அண்ணியைக் காப்பாற்றியது, அவருக்கு வலி எடுப்பதற்குப் பல நாட்களுக்கு முன்பே, யாருக்கு என்று தெரியாமல் இருவர் கொடுத்துவிட்டுப் போய்க் குளிர்பெட்டியில் காத்திருந்த ரத்தமாகத்தான் இருக்கும்.

அந்தக் காத்திருப்புக்கும் காலக்கெடு உண்டு. கொடுத்த ரத்தத்தைப் பகுதிகளாகப் பிரித்துச் சேமிப்பார்கள். சிவப்பணுக்களை, அவற்றைச் சேமிக்கும் கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாட்கள் வைத்திருக்கலாம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை (பிளேட்லெட்) ஐந்து நாட்கள்தான் வைத்திருக்க முடியும், அதுவும் குளிரில் வைக்காமல், அறை வெப்பநிலையில் ஓயாமல் மெல்ல ஆட்டிக்கொண்டே. கணக்காளர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரு தலைவரின் பிறந்தநாளில் ஒரே மண்டபத்தில் இருநூறு பேர் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களின் தட்டணுக்கள் அந்த வாரத்தோடு முடிந்துவிடும். சிவப்பணுக்களும் ஆறு வாரத்தைத் தாண்டாது. ஆனால் அந்த இருநூறு பேரில் ஆண்கள் 90 நாட்களுக்கும் பெண்கள் 120 நாட்களுக்கும் மறுபடி கொடுக்க முடியாது. நடுவில் உள்ள வாரங்களில் அடிபட்டு வருபவருக்கு யார் கொடுப்பது? அன்று கொடுத்தவர்களின் மனத்தைக் குறைசொல்லவில்லை. அவர்களில் ஐம்பது பேரை அடுத்த மாதத்துக்கும், ஐம்பது பேரை அதற்கடுத்த மாதத்துக்கும் பிரித்து வைக்க ஓர் ஆள் இல்லாமல் போனதுதான் குறை. அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம்.

அதற்கு வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம். பெயர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி ஆகியவற்றை எல்லோரும் எழுதுவார்கள். எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்பதையும் எழுதுங்கள். சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து தூங்குகிறவரைக் காலை பத்து மணிக்கு எழுப்பினால் அவர் அடுத்த முறை போனை எடுக்க மாட்டார். தேவனாம்பட்டினத்தில் விடியலுக்கு முன் கடலுக்குப் போகிறவருக்கு மாலைதான் வசதி. புதுச்சேரி ஜிப்மருக்கு நம் மாவட்டத்திலிருந்தும் விழுப்புரம் பக்கத்திலிருந்தும் நோயாளிகள் நாள்தோறும் போவதால், கடலூர்க்காரருக்கு அழைப்பு பல நேரங்களில் அங்கிருந்துதான் வரும். வேலை நாளில் பஸ் ஏறிப் போய்வர முடிந்தவர் யார், முடியாதவர் யார் என்பதும் உங்கள் நோட்டில் இருக்கட்டும். ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிகள் மூடிவிடுவதால் மாணவர்களை நம்பியிருக்கும் முகாம்கள் நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையை ஒட்டி டெங்கு வந்தால் தட்டணுக்களுக்கு அலைய நேரும். இந்த இரண்டு காலத்துக்கும் யார் யாரை வைத்திருப்பது என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் கடுமையாக உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வாழ்நாள் முழுவதும் ரத்தம் ஏற்ற வேண்டியிருப்பதால், அந்தக் குழந்தையின் தேவை காலண்டரில் தெரிந்தே வருகிறது; அப்படித் தெரிந்த தேவைக்கும் கடைசி நாளில் "அவசரம்" என்று செய்தி போட நேர்ந்தால் நாம் நம் வேலையைச் செய்யவில்லை என்றே பொருள்.

வாட்ஸ்அப் பகிர்வு பற்றி நான் பட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓ நெகட்டிவ் உடனடியாகத் தேவை என்று வந்த ஒரு செய்தியை, தேதி இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் நான் பத்துப் பதினைந்து பேருக்கு அனுப்பினேன். பண்ருட்டியிலிருந்து ஒரு மாணவர் அதைப் பார்த்து பஸ் ஏறி, புதுச்சேரியில் ஒரு மருத்துவமனை வாசலில் இறங்கி என்னை அழைத்தார். செய்தியில் இருந்த எண்ணை யாரும் எடுக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது வெயிலில் மதில் நிழலை ஒட்டி, பாட நோட்டை மடியில் விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவருக்குத் தேர்வு. உள்ளே விசாரித்ததில், அந்த நோயாளி இரண்டு மாதங்களுக்கு முன்பே வீடு திரும்பிவிட்டார் என்றார்கள். "பரவாயில்லை சார்" என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார். அதன்பின் உண்மையான தேவைக்கு இரண்டு முறை அழைத்தேன், அவர் எடுக்கவில்லை. நூறு பேரில் மிகச் சிலருக்கே இருக்கும் வகையைச் சேர்ந்த ஒருவரை என் கைவிரல் அவசரத்தால் இழந்தேன். அது என் தவறு.

அன்றிலிருந்து, நோயாளியின் உடனிருப்பவரிடம் பேசாமலும், எந்த மருத்துவமனை, எந்த வார்டு, முழு ரத்தமா, சிவப்பணுவா, தட்டணுவா, எத்தனை யூனிட், எந்த நாளுக்குள் என்று கேட்காமலும், முடிந்தால் ரத்த வங்கிக்கே ஒரு போன் போட்டு உறுதி செய்யாமலும் ஒரு வரிகூட நான் அனுப்புவதில்லை. தேவை தீர்ந்ததும் "கிடைத்துவிட்டது, நன்றி" என்று அதே இடங்களில் எழுதுவதும் வேலையின் பாதி. இந்தப் பாதியைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள், நீங்கள் விடாதீர்கள்.

தவித்து நிற்கும் குடும்பத்தினர் சிலர் "எவ்வளவு ஆனாலும் தருகிறோம்" என்பார்கள். அவர்களைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் உறுதியாக மறுத்துவிடுங்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையொட்டி, 1998 ஜனவரி 1 முதல் பணத்துக்கு ரத்தம் கொடுப்பது நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. அதன் காரணம் எளிது. நோய் தொற்றிய முதல் சில நாட்களில் எந்தப் பரிசோதனையிலும் அது தெரியாத ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் நோயாளியைக் காப்பது, படிவத்தில் உள்ள கேள்விகளுக்குக் கொடையாளர் சொல்லும் உண்மை ஒன்றுதான். பணம் தேவைப்படுகிறவர் உண்மையை மறைப்பார். வெட்கப்படுத்தப்பட்டவரும் மறைப்பார். "இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு பயப்படுகிறாயா" என்று நண்பர்கள் கேலி செய்து படுக்கைக்கு அனுப்பிய ஒரு பையன், போன மாதம் மஞ்சள்காமாலை வந்ததை மருத்துவரிடம் சொல்லாமல் இருந்துவிடலாம்.

இதனால்தான் உங்களைப் போன்ற ஒருவர் முகாம் மேசையருகே இருக்க வேண்டும் என்கிறேன். துளி மிதந்து எழுந்து வருகிற பெண்ணை ஓரமாக அழைத்துப் போய், ஒரு டம்ளர் மோர் கொடுத்து, தனக்கும் இப்படி ஆனது என்று சொல்லி, எந்த மருத்துவரைப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுப்பதற்கு மூன்று முறை கொடுத்தவரைவிட மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டவருக்கே அதிகத் தகுதி இருக்கிறது. அப்படி வருகிறவர்களின் பெயர்களையும் நோட்டில் தனிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். சிகிச்சைக்குப் பின் ஒரு முறை கூப்பிட்டு விசாரியுங்கள். உங்கள் பெயரை அந்தப் பக்கத்தின் முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த பரிசோதனை எப்போது என்று மருத்துவரிடம் கேட்டு, அந்தத் தேதியையும் அதன் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

அன்புடன்.