பழனி பாதயாத்திரைக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போலாமா?

கேள்வி: தைப்பூசத்துக்கு மதுரையிலேர்ந்து பழனிக்கு நடக்கப் போறோம், 8 வயசுப் பொண்ணும் 11 வயசுப் பையனும் நாங்களும் வருவோம்னு அடம்பிடிக்கிறாங்க. கூட்டிட்டுப் போலாமா? - வாசகி, திருமங்கலம்

பதில்: தாராளமா கூட்டிட்டுப் போங்கம்மா, ஆனா வாடிப்பட்டி, கொடைரோடு, திண்டுக்கல்னு 100 கிலோமீட்டருக்கு மேல முழுசா நடக்க வைக்காதீங்க. நீங்க நடந்துட்டு வாங்க, பிள்ளைங்க வீட்டுப் பெரியவங்களோட பஸ்ல ஒட்டன்சத்திரம் வந்து சேரட்டும், அங்கேர்ந்து பழனி சுமார் 30 கிலோமீட்டர்தான், அதையும் ரெண்டு நாளாப் பிரிச்சுக்கோங்க.

விடிஞ்சதும் கிளம்பி வெயில் ஏறுறதுக்குள்ள நிறுத்திடணும், தார் ரோடு சுட ஆரம்பிச்சா வெறுங்கால்ல சின்னப் பிள்ளைங்களால தாங்க முடியாது, பழகின செருப்பைப் போட்டு விடுங்க, முருகன் கோவிச்சுக்க மாட்டார். புதுச் செருப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். குதிகால்ல கொப்புளம் வந்தா உடைக்காம, சுத்தமான துணியை மெத்துனு வச்சுக் கட்டுங்க.

ராத்திரி நடை பிள்ளைங்களுக்கு வேண்டாம்மா, இதை நான் கண்டிப்பாவே சொல்றேன், பனியும் தூக்கக் கலக்கமும் லாரியும் சேர்ந்தா ரொம்ப ஆபத்து. பகல்லயும் எதிர்ல வர்ற வண்டி தெரியற மாதிரி ரோட்டுக்கு வலதுபக்கமா, தாரை விட்டு இறங்கி நடங்க. சட்டைப் பைல உங்க போன் நம்பர் எழுதின சீட்டு இருக்கட்டும். மலையேற முடியலைன்னா விஞ்ச் (கம்பியால மலைமேல இழுத்துட்டுப் போற ரயில்) இருக்கு, கூட்டத்துல நேரம் ஆகும்.