கழுவின காசும் கறுத்த காசும்

கேள்வி: 1901 ஆம் ஆண்டு பொறித்த விக்டோரியா மகாராணியின் வெள்ளி ரூபாய்கள் இரண்டு அம்மம்மாவிடமிருந்து எனக்கு வந்தன. 2009 இல் இடம்பெயர்ந்தபோது போத்தலில் போட்டு வளவில் புதைத்தவற்றை, மீள்குடியேறியபின் கிண்டியெடுத்தோம். ஒன்றை அம்மா மினுக்கிவிட்டார். மற்றது கறுத்தபடியே இருக்கிறது. வவுனியாவில் காசு சேகரிக்கும் ஒருவர் மினுக்கியதைக் "கழுவின காசு" என்று ஒதுக்கிவிட்டு, கறுத்ததையே விலைக்குக் கேட்டார். அவர் சொல்வது சரியா? நாமே அதை எப்படி அறியலாம்?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: அவர் உங்களை ஏமாற்றவில்லை என்றே நினைக்கிறேன். குத்துவிளக்கைப் புளி போட்டும் வெள்ளிச் செம்பைத் திருநீறு போட்டும் தேய்த்து வளர்ந்த நமக்குக் கறுப்பு என்றால் அழுக்கு. காசு சேகரிப்பவருக்கோ அது காசின் தோல். காற்றிலும் மண்ணிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைத் தொடும்போது உண்டாகும் வெள்ளிச் சல்பைட்டுப் படலமே அந்தக் கறுப்பு. அதைத் தேய்த்து எடுக்கும்போது கீழே இருக்கும் வெள்ளியும் சிறிது போய்விடுகிறது. போனது திரும்பி வராது.

அறையை இருட்டாக்கி, ஒற்றை மின்குமிழின் கீழ் காசைச் சரித்துப் பிடித்து, லென்ஸ் வழியே பார்த்தபடி மெதுவாகச் சுழற்றுங்கள். கைமாறித் தேய்ந்த காசிலும் கீறல்கள் இருக்கும்; ஆனால் அவை ஆழமும் திசையும் மாறி, தாறுமாறாகக் கிடக்கும். சாம்பலோ பற்பசையோ போட்டுத் துணியால் தேய்த்த காசில் மயிரிழை போன்ற கோடுகள் ஒரே பக்கமாகவோ வட்டமாகவோ கூட்டமாக ஓடி, ஒரு குறிப்பிட்ட சரிவில் மட்டும் பளிச்சென்று தெரிந்து மறையும். பின்பு எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள். துணி அந்த மூலைக்குள் நுழையாது. ஆகவே எழுத்துகளுக்கு இடையிலுள்ள வெற்றுப்பரப்பு பளபளக்க, ஒவ்வோர் எழுத்தையும் சுற்றி மெல்லிய கறுப்பு விளிம்பு மிஞ்சியிருக்கும். முடியின் மடிப்புகளிலும் உடையின் பூவேலையிலும் இதே நிலைதான். பல வருடம் கழித்து மினுக்கிய காசு மீண்டும் கறுத்தாலும், அந்தக் கோடுகள் கறுப்பின் அடியில் அப்படியே தெரியும்.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது வேறொன்று: தேய்வும் ஒளியும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பது. அச்சில் அடிபடும்போது உலோகம் வெளிநோக்கி ஓடியதால், புதிய காசைச் சுழற்றினால் ஒளி வண்டிச்சில்லின் ஆரக்கால்போலச் சேர்ந்து சுழலும். புழக்கத்தில் முதலில் போவது அந்த ஒளிதான். மகாராணியின் கன்னமும் முடியும் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்க, காசு முழுதும் புதுத்தகடாக மின்னினால் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று கொள்ளலாம். கறுப்பைக் கரைத்தெடுக்கும், தயோயூரியா என்ற இரசாயனம் கலந்த அமிலக் கரைசலில் முக்கியெடுத்த காசில் கீறல் இராது. ஆனால் நெடுநேரம் ஊறியிருந்தால் அது உயிரற்ற வெண்மையாய், சுண்ணாம்பு பூசியதுபோல் தோன்றும்.

மினுக்கிய காசு வீணாகிவிடவில்லை. அது 11.66 கிராம் நிறையில் 91.7 வீதம் வெள்ளி, ஏறத்தாழ 10.7 கிராம் தூய வெள்ளிக்கான விலை அதற்கு என்றும் உண்டு, இழந்தது சேகரிப்பு மதிப்பை மட்டுமே. அம்மாவிடம் இதைச் சொல்லிக் கவலைப்படுத்த வேண்டியதில்லை.

கறுத்த காசை அப்படியே விடுங்கள். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். எங்காவது பச்சைப் புள்ளி தெரிந்தால் அது கலப்பிலுள்ள செம்பின் வேலை. ஊசியால் சுரண்ட வேண்டாம். இறப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள், அதிலும் கந்தகம் உண்டு. மலிவான பிவிசி உறையும் நாளடைவில் பிசுபிசுத்துக் காசை அரிக்கும். விளிம்பைப் பிடித்துத் தூக்கி, அமிலமற்ற கடதாசியில் சுற்றி, ஈரமில்லாத தகரப்பெட்டியில் வையுங்கள்.