வைவாவில் வாய் வர மாட்டேன் என்கிறது!

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தேன். முதல் இன்டர்னலில் (கல்லூரி உள்தேர்வில்) அனாடமி (உடற்கூறியல்) ஃபெயில். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், பதில் தெரிந்தும் இங்கிலீஷில் வாய் வரவில்லை. ராத்திரி இரண்டு மணி வரை படித்தாலும் காலையில் எதுவும் நினைவில் இல்லை. ஊரில் இப்போதே ‘டாக்டர் தம்பி’ என்கிறார்கள். விட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம் எனக் கோரிய மாணவர்

பதில்: தம்பி, விடுவதா வேண்டாமா என்பதை இப்போது முடிவு செய்யாதீர்கள். தூக்கம் கெட்டிருக்கும்போது எல்லாமே இடிந்துவிட்டது போலத்தான் தெரியும்.

வைவாவைப் பார்ப்போம். தசை எதுவானாலும் கேட்பது நாலே விஷயம்தான்: ஆரிஜின் (எங்கே தொடங்குகிறது), இன்சர்ஷன் (எங்கே போய் ஒட்டுகிறது), நர்வ் சப்ளை (எந்த நரம்பு), ஆக்‌ஷன் (என்ன வேலை). பைசெப்ஸ் என்றால் ரேடியஸ் எலும்பில் போய் ஒட்டுகிறது, மஸ்குலோக்யூட்டேனியஸ் நரம்பு, முழங்கையை மடக்கும், கையைத் திருப்பும். இதை இங்கிலீஷில் நாலு குட்டி வாக்கியமாக எழுதி, ரூம்மேட்டிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மனசுக்குள் படித்தால் போதாது. நாக்குக்கும் பழக்கம் வேண்டும். அதே அச்சில் அடுத்த தசை. இலக்கணம் தவறினால் தவறட்டும், எக்ஸாமினருக்கு நரம்பின் பெயர்தான் வேண்டும். தவிர, அந்தப் பெயர்களெல்லாம் லத்தீனும் கிரேக்கமும். கான்வென்ட்டில் படித்தவருக்கும் புதுசுதான்!

2020-இல் இந்த ஒதுக்கீடு வந்ததிலிருந்து உங்களைப் போன்றவர்கள் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள். அப்படி ஒரு சீனியரைத் தேடிப் பிடியுங்கள். அவரும் அந்த மேஜை முன்னால் திருதிருவென்று விழித்தவராகத்தான் இருப்பார்.

படித்தது மூளையில் பதிவதே தூக்கத்தில்தான். இரண்டு மணி வரை விழித்துப் படிப்பவர், படித்ததைத் தானே அழித்துக்கொள்கிறார். பதினோரு மணிக்குப் புத்தகத்தை மூடுங்கள். சாயங்காலத்துக்கு மேல் டீ வேண்டாம்.

இரண்டு வாரம் இப்படி இருந்தும் தூக்கமோ பசியோ திரும்பவில்லை என்றால் உங்கள் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று கூச்சமாக இருந்தால் 14416-க்கு அழையுங்கள். அரசின் டெலி-மானஸ் சேவை, இலவசம், எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள் அல்லது அழையுங்கள்.

ஊர்க்காரர்களை விடுங்கள், அவர்கள் பரீட்சை எழுதப்போவதில்லை. வீட்டில் மட்டும் மார்க்கை நீங்களே சொல்லிவிடுங்கள். போனது ஒரு இன்டர்னல்தான், பல்கலைக்கழகத் தேர்விலேயே தவறினாலும் சப்ளிமென்டரி உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்காது.